செம்பூரில் குடித்த தேநீர்

ஆராய்ச்சி மாணவர் சங்கத்தின் தலைவி என்று சொல்லிக்கொண்டு ஷாலினி எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, என் மகள் சாயிமா அவளை முன்னறையிலேயே உட்கார வைத்துவிட்டாள். ஆண்கள் வந்து பேசிவிட்டுப் போகும் அறை அது. கீழே பட்டறையில் பெல்ட்டுக்குத் துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் படியேறி உள்ளே வந்தேன். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"ஹலோ அங்கிள்" என்றாள்.

"உங்க அப்பா யாருன்னே எனக்குத் தெரியாது. நான் எப்படிம்மா உனக்கு அங்கிள்?"

சாயிமா தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவள் குனியவில்லை.

"சரி, கரீம் பாட்சா சார்னு கூப்பிடறேன். உட்காருங்கோ, உங்ககிட்டயும் பேசணும்" என்றாள். என் வீட்டில், என் நாற்காலியில், என்னை உட்காரச் சொன்னாள்.

மும்பையிலேயே, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணாம். பாதி வாக்கியம் தமிழில் தொடங்கி இந்தியில் முடிந்தது. அவள் சொன்னதிலிருந்து எனக்குத் தெரியவந்தது இதுதான்: என் மகள் தன் ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர் சுரேந்திரன் மீது பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. புகார் கொடுத்து, விசாரணைக் குழுவும் அமைந்த பிறகு என்னிடம் சொல்கிறார்கள்.

சாயிமா செய்துவந்த ஆராய்ச்சி எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆலைக் கழிவுநீரில் கலந்திருக்கும் உலோகத்தை நண்டு ஓட்டைக்கொண்டு பிரித்தெடுக்கும் வேலை. கோலிவாடா மீன்காரிகளிடம் சொல்லிவைத்து ஓடுகளை மூட்டையாக வாங்கி வருவாள். என் மனைவி மதீனா பீவி அவற்றைக் கழுவி மொட்டைமாடியில் காயவைப்பாள். அந்த நாற்றத்துக்காகப் பக்கத்து வீட்டாரிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. நான்கு வருடம் இப்படிப் போனது. கடைசியில் அந்த முறை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தபோது அதில் முதலில் இருந்தது சுரேந்திரனுக்கு வேண்டிய இன்னொரு மாணவனின் பெயர், அடுத்தது சுரேந்திரனின் பெயர். சாயிமாவுக்குக் கட்டுரையின் அடியில் ஒரு வரி நன்றி. இனி வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டாராம்.

"சாயிமா ஒண்டியா இல்ல, நாங்க இருக்கோம்" என்றாள் ஷாலினி. "வேற லேப்ல அவளுக்கு ஒரு டேபிள் வாங்கிக் கொடுத்தாச்சு. சார் கூப்பிட்டா எங்காள் ஒருத்தர் கூடவே போவா, தனியா விடமாட்டோம். லா படிக்கிற ஒரு பையன் ரூல் எல்லாம் பார்த்துண்டிருக்கான். குழுவுக்கு முன்னாடி எப்படிப் பேசணும்னு தினம் சாயங்காலம் பிராக்டீஸ் பண்ணறோம்."

"எங்க?"

"கேண்டீன் பின்னாடி எங்களுக்கு ஒரு ரூம் இருக்கு."

"கேண்டீனுக்குப் பின்னாடி, சாயங்காலம், ஆம்பளப் பயலுகளோட. நல்லாருக்கும்மா உங்க சங்கம். துணைக்குப் போறதுக்கு இவளுக்கு வாப்பா இல்லயா? சொந்தத்துல காக்கா, தம்பி இல்லயா?"

"அவங்களுக்கு ரூல் தெரியுமா, அங்கிள்?"

அந்தக் கேள்வியை அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு ரூல் தெரியும். ஒரு பொம்பளப் புள்ள ஆம்பள வாத்தியார் மேல புகார் கொடுத்தாள்னு வெளிய தெரிஞ்சா, என்ன புகார்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். அவனுக்கா ஒண்ண நெனச்சுக்கிடுவான். நண்டு ஓடுன்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லவா?"

"அவங்க தப்பா நெனச்சா அது அவங்க பிராப்ளம்."

"உனக்கு மாட்டுங்கா. நாளைக்கு நீ வேற ஃப்ளாட்டுக்கு மாறிப் போயிருவ. நாங்க இந்தச் சந்துலதான் இருக்கணும்."

"வாப்பா, போதும்" என்றாள் சாயிமா. வெளியார் முன்னால் என்னிடம் அவள் குரல் உயர்த்தியது அன்றுதான். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணைப் போகச் சொன்னேன்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களுக்குள் ஏற்படும் வழக்கை நாங்கள் போலீஸ் வரைக்கும் விடுவதில்லை. ஜமாஅத்தில் பேசித் தீர்த்துவிடுவோம். பேசித் தீர்க்கிறவர்களில் நான் மூத்தவன். பாதிக்கப்பட்ட வீட்டின் பெரியவர் தானே இறங்கி எதிராளியின் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே பேசவேண்டும். அவர்கள் கொடுப்பதைக் குடிக்கவேண்டும். குடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. பிறகு அதைப் போனவரும் கிளறக்கூடாது, கொடுத்தவரும் கிளறக்கூடாது. தவறு செய்தவன் ஒப்புக்கொண்டதை ஓசையில்லாமல் செய்து முடிக்கவேண்டும். ரத்தம் பார்த்த சண்டைகளைக்கூட இப்படி முடித்திருக்கிறோம். ஒருமுறை முடித்துவைத்ததை நான் மாற்றியதில்லை. அதனால்தான் என் பேச்சுக்கு அங்கே மதிப்பு.

ஜமாஅத்தில் எனக்கு அடுத்து உட்காரும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் நசீரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனேன். சாயிமாவிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம் சொல்லிவிட்டா புகார் கொடுத்தாள்?

சுரேந்திரனின் வீடு ஆறாவது மாடியில். கதவைத் திறந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். சாயிமாவின் தகப்பன் என்றதும் முகம் இறுகியது.

"இங்கெல்லாம் வரக்கூடாது. விசாரணை நடக்குது."

"விசாரணை நடக்கறதாலதான் வந்தேன், சார். புள்ளயும் வாத்தியாரும் நாலு பேர் முன்னாடி ஒருத்தரையொருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டு நிக்கிறது ரெண்டு பேருக்கும் அழகில்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்தார்.

நான் நேராகவே கேட்டேன். என் மகளின் உழைப்பில் அவள் பெயர் வரவேண்டும், எடுத்த தலைப்பிலேயே அவள் படிப்பை முடிக்கவேண்டும், இந்த இரண்டும் நடந்தால் புகார் தேவையில்லை என்றேன். அவர் என் மகளைக் கெட்டிக்காரி என்றார். அந்தச் சங்கத்துப் பிள்ளைகள்தான் தூண்டிவிடுகிறார்கள் என்றார். அந்த ஒன்றில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்து.

"அடுத்த கட்டுரையில அவ பேர்தான் முதல்ல வரும். தலைப்பும் அவளோடதே இருக்கட்டும். பெரியவங்க நீங்க வந்து சொல்லும்போது நான் எப்படி மறுக்கிறது?"

தேநீர் வந்தது. நான் எடுத்துக் குடித்தேன். நசீரும் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்து, "அப்ப பேச்சு முடிஞ்சது சார்" என்றேன்.

"முடிஞ்சது" என்றார் அவர்.

லிஃப்டில் இறங்கும்போது நசீர், "என்ன காக்கா, இவ்வளவு லேசாப் போச்சு?" என்றான்.

"படிச்சவன்லா. சொன்னாப் புரியுது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாயிமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மதீனாதான் பேசினாள்.

"கழுவிக் காயப்போட்டது நானு. அவ கையெல்லாம் கீறிக் கீறி நண்டு ஓட்ட இடிச்சா. நீங்க செம்பூர்ல போய் முடிச்சிட்டு வந்திய. எங்க ரெண்டு பேர்ல ஒருத்திட்டயாவது ஒரு வார்த்த கேட்டியளா?"

"அவ நல்லதுக்குத்தான்."

"ஒங்க பேரு நல்லதுக்கு" என்றாள். அடுப்படியில் பாத்திரம் வேண்டியதற்கு மேல் சத்தம் போட்டது.

அடுத்த வாரமே ஷாலினி மறுபடியும் வந்தாள். இந்த முறை ஹலோவும் இல்லை, உட்காரவும் இல்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"நீங்க என்ன பண்ணிட்டேள்னு தெரியுமா? சார் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துட்டார். பொண்ணோட அப்பாவே ஆத்துக்கு வந்து புகாரை வாபஸ் வாங்கிட்டாராம். பொண்ணு சொன்னது பொய்னு அப்பாவே ஒத்துண்டாராம். மன்னிப்பும் கேட்டாராம்."

"யாரு மன்னிப்பு கேட்டது?"

"நீங்கதான்."

"நான் பொய்னு சொல்லவே இல்ல. மன்னிப்பா? நானா?"

"டீ குடிச்சேளா இல்லையா?"

"குடிச்சேன்."

"அது போதும் அவருக்கு. இப்ப கமிட்டில கேக்கறா, குடும்பமே முடிச்சுண்டாச்சே, இன்னும் என்னன்னு. ரெண்டு மாசம் நாங்க ஓடினதெல்லாம் போச்சு. நீங்க ஒரே ஒரு சாயங்காலத்துல கெடுத்துட்டேள்."

ஒரு சின்னப் பெண் என் வாசலில் நின்று என்னிடம் இப்படிப் பேசினாள். சந்தில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். உள்ளே வா என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை. அவளை நிறுத்தி வைத்துக்கொண்டே சுரேந்திரனுக்கு ஃபோன் போட்டேன்.

"சார், கரீம் பாட்சா. சாயிமா பேரு அடுத்த கட்டுரையில வரும்னு சொன்னிய. நீங்க வேற என்னமோ எழுதிக் கொடுத்திருக்கியளாமே?"

"நான் எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லையே, பாய்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் பெரியவர். இப்போது பாய் ஆகிவிட்டேன். "வந்தீங்க, டீ குடிச்சீங்க, முடிஞ்சதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. கமிட்டிகிட்ட சொல்லவேண்டி வரும்."

அவன் கொடுத்த தேநீரில் அவனும் கட்டுப்பட்டிருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். நான் மட்டும்தான் கட்டுப்பட்டிருந்தேன்.

"அவன் பேச்சு மாறிட்டான்" என்றேன் ஷாலினியிடம். "எங்க வழக்கப்படி, கொடுத்தவன் சொன்னதச் செய்யலன்னா முடிச்சது செல்லாது. நான் வந்து அதச் சொல்லுதேன்."

"அது வேலைக்கு ஆகாது."

"என்னது?"

"முடிச்சுட்டு அவர் ஏமாத்தினார்னு நீங்க சொன்னா, நீங்க முடிச்சதை நீங்களே ஒத்துண்ட மாதிரி ஆயிடும். அப்புறம் புகார் போயே போச்சு. புகார் சாயிமாவோடது. அதை முடிக்கிற அதிகாரம் உங்களுக்கு இல்லவே இல்லைன்னு, நீங்களே வந்து கமிட்டி முன்னாடி சொல்லணும். அது ஒண்ணுதான் வழி. லா பையன் நாலு தடவை பார்த்துட்டான்."

"எம் மவளுக்கு நான் பேசறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லன்னு, நானே சொல்லணும்."

"ஆமா."

"ஊரார் முன்னாடி."

"அங்க ஊரார் யாரும் இல்ல. மூணு புரொஃபசர், அவர், சாயிமா, நான்."

"நீ எதுக்கு?"

"ரெப்ரசன்டேடிவ். புகார் கொடுத்தவா தனியா உட்காரக்கூடாதுன்னு சங்கம் போன வருஷம் சண்டை போட்டு வாங்கின ரூல் அது. தகப்பனாருக்கு உள்ள இடம் கிடையாது, சாட்சியா கூப்பிட்டா மட்டும்தான்."

தகப்பனுக்கு இடமில்லாத அறையில் இவளுக்கு நாற்காலி. இதைத்தான் இவர்கள் உதவி என்கிறார்கள். போ என்றேன். போனாள். போகும்போது, "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. வந்தா வாங்கோ" என்றாள், பால்காரனிடம் சொல்வதைப்போல.

அன்று மாலை பட்டறைக்கு நசீர் வந்தான். செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது.

"காக்கா, அங்க போய் அப்படிச் சொல்லிடாதிய. நானும் ஒங்களோட வந்து குடிச்சிருக்கேன். முடிச்ச பேச்ச நீங்களே மாத்துனா, நாளைக்கு மூசாவும் அவன் தம்பியும் வந்து கேப்பானுவ. போன வருஷம் நீங்க முடிச்சது எங்க விஷயம், அதுக்கு ஒங்களுக்கு என்ன அதிகாரம்னு கேப்பானுவ. என்ன சொல்லுவிய?"

நான் ஒரு பெல்ட்டை எடுத்து அதன் துளைகளை எண்ணினேன்.

"புள்ளைக்குப் படிப்புதான போகுது? மாப்பிள்ள பாத்திரலாம்" என்றான்.

"நசீரு, கீழ போ" என்றேன். நாங்கள் நின்றிருந்ததே கீழேதான். அவன் வெளியே போனான்.

வியாழக்கிழமை சாயிமா விடிந்ததும் கிளம்பிவிட்டாள். நான் இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தீர்மானமில்லை. பல்கலைக்கழக வாசலில் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் எனக்காகக் காத்து நின்றார்கள். ஒருவன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மராத்திப் பையன். வழியெல்லாம் இந்தியில் பேசிக்கொண்டே வந்தான்: போன வருடம் அவனுடைய வழிகாட்டி அவனை வீட்டுக்குக் காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் வைத்திருந்தாராம், சங்கம்தான் ஆளை மாற்றிக் கொடுத்ததாம். ஒரு மனிதன் தன் அவமானத்தை இப்படி முன்பின் தெரியாதவனிடம் சொல்வானா? இவன் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதைப்போலச் சொன்னான்.

அறை சிறியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவர். இடப்பக்கம் சுரேந்திரன். வலப்பக்கம் சாயிமாவும் ஷாலினியும். சாயிமா என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் ஷாலினி அவள் கையைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

நீங்கள் இவர் வீட்டுக்குப் போனீர்களா என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார். போனேன் என்றேன். மகள் சொன்னது பொய் என்றீர்களா? இல்லை. மன்னிப்புக் கேட்டீர்களா? இல்லை. புகார் முடிந்தது என்று சொன்னீர்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் சுரேந்திரன் இந்தியில் முந்திக்கொண்டார். "மேடம், இவர் அவங்க சமுதாயத்துல பெரிய மனுஷர். இவர் ஒண்ணு முடிச்சா முடிச்சதுதான், அங்க யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க. அவர் வாயாலயே கேளுங்க. அப்படிப்பட்டவர் பொய் சொல்லமாட்டார்."

என்னைப் புகழ்ந்தார். என்னைப்பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. முதல் தடவையாகச் சாயிமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. இவர் என்ன சொல்வார் என்று அவள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது அதில் தெரிந்தது. சுரேந்திரனுக்கும் அவளுக்கும் என்னைப்பற்றி ஒரே எண்ணம்.

"சொன்னேன்" என்றேன். "முடிந்தது என்று நான்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஹக் இல்லை."

உரிமை என்பதற்கு எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்தான், அந்த அம்மாளின் இந்தியிலும் அந்தச் சொல்தான். அவர் பேனாவை எடுத்தார்.

"மறுபடி சொல்லுங்கள். எழுதிக்கொள்ள வேண்டும்."

"எனக்கு உரிமை இல்லை. புகார் என் மகளுடையது. அவளைக் கேட்காமல் நான் போனேன். நான் பேசியது அவளைக் கட்டுப்படுத்தாது."

"உரக்கச் சொல்லுங்கள், பாய்சாப். கடைசியில் இருப்பவருக்குக் கேட்கவில்லை."

மூன்றாவது தடவை சொன்னேன், ஜமாஅத்தில் தீர்ப்புச் சொல்லும் குரலில். வெளியே வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். சுரேந்திரன் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். குடும்பத்தின் பேச்சைக் குழு கணக்கில் எடுக்காது, புகார் நிற்கிறது, விசாரணை தொடரும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் வெளியே இருக்கலாம். இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்றார்.

நானே சொல்லிக்கொடுத்தது. அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் சங்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று நின்றேன். உள்ளே சாயிமாவின் குரல் கேட்டது. சொற்கள் புரியவில்லை. தடுமாறாமல் பேசினாள் என்பது மட்டும் தெரிந்தது. கேண்டீனுக்குப் பின்னால் அவர்கள் சொல்லிக்கொடுத்த பேச்சு. அந்தக் குரலை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

நிற்கும்போதே நசீர் கூப்பிட்டான்.

"என்ன காக்கா ஆச்சு?"

"சொல்லிட்டேன்."



"நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பொறவு ஜமாஅத்துல புதுசா ஒரு வழக்குப் பேச்சு இருக்கு" என்றான்.

"நீ உட்காரு. நான் வரமாட்டேன்."

"காக்கா, யாரும் இன்னும் ஒண்ணும் கேக்கலயே."

"கேக்கறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும். கேட்ட பொறவு எழுந்திரிச்சா அது வேற."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சுரேந்திரன் யாரையும் பார்க்காமல் வேகமாகப் போனார். பின்னால் சாயிமா வந்தாள். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு நடுவே ஷாலினி என் பக்கம் வந்தாள்.

"கட்டுரை மேல விசாரணை நடக்கறதுன்னு போடச் சொல்லிக் கமிட்டிலேர்ந்து பத்திரிகைக்கு எழுதப் போறா. கைடும் மாத்தித் தராளாம். இன்னும் ரெண்டு சிட்டிங் இருக்கு, ஆனா ஜெயிச்சுடுவோம். தேங்க்ஸ் அங்கிள்."

"உனக்காகச் சொல்லல."

"தெரியும்."

"உன் சங்கத்துக்காகவும் சொல்லல. எங்க வீட்டுப் புள்ளைய வீட்டுக்குத் தெரியாம புகார் கொடுக்க வெச்சது நீங்க. அத நான் மறக்கமாட்டேன்."

"மறக்க வேண்டாம்" என்றாள் அவள். "அடுத்த சிட்டிங்குக்கு உங்களைக் கூப்பிட்டா அப்பவும் வருவேளா?"

சாயிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுதிருக்கவில்லை.

"வாப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு இவங்ககூட வேல இருக்கு. வர லேட்டாகும்."

எவ்வளவு நேரமாகும், யாருடன் வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினேன். காலையில் வந்த மராத்திப் பையன் வாசல்வரை வருவதாகச் சொன்னான். வழி தெரியும் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தேன்.